ஈழநாடு: ஒரு நகரின் நாளேடும் அதன் உடைமையும்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் 1841ஆம் ஆண்டின் உதயதாரகை யாழ்ப்பாணத்துக்குரியது. எனினும் நாளேடுகள் கொழும்பிலேயே வேரூன்றின. 1930இல் தோன்றிய வீரகேசரியைத் தமிழகத்திலிருந்து வந்த சுப்பிரமணியம் செட்டியார் நிறுவினார். 1932இல் தோன்றிய தினகரன் டி. ஆர். விஜயவர்தனவின் லேக் ஹவுஸ் நிறுவனத்துக்குரியது. இவ்விரு ஏடுகளும் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் புகைவண்டியிற் பயணஞ்செய்தே குடாநாட்டு வாசகரை அடைந்தன. யாழ்ப்பாணத்துச் செய்தியொன்று கொழும்பு சென்று அச்சேறித் திரும்பிய பின்னரே யாழ்ப்பாணத்தார் அதனைப் படிக்க முடிந்தது.

இந்நிலையை மாற்றியது ஈழநாடு. கே. சி. தங்கராசா, கே. சி. சண்முகரத்தினம் என்னும் சகோதரர் இருவர் 1959இல் அதனைத் தொடங்கினர். முதலில் நாளேடாக அமையாத அது 1961இல் நாளேடாயிற்று. யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிற் சத்தியாக்கிரகம் நடைபெற்றதும், அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டதும் அவ்வாண்டிலேயே. நகரிலே நிகழ்வதை நகரிலேயே அச்சிடும் ஏட்டின் தேவை என்ன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வீரகேசரியில் அநுபவம் பெற்ற கே. பி. ஹரன் அதன் ஆசிரியராக விளங்கினார். தலைநகரின் தொழிற்பயிற்சியே தலைநகருக்கு வெளியே ஓர் ஏட்டை நிலைநிறுத்த உதவியது என்பது சுவையானதொரு முரண்.

உடைமை பற்றிய வினா இங்கு முதன்மையானது. 1973இல் லேக் ஹவுஸ் அரசின் பிடிக்குள் வந்தபோது தினகரனும் உடன் சென்றது. ஈழநாட்டின் உரிமையோ உள்ளூர்க் கைகளிலேயே இருந்தது. ஆனால் அவ்வுரிமைக்கு மற்றொரு முகமும் உண்டு. கொழும்பு ஏடுகளின் அச்சகங்கள் தொலைவில் இருந்தன. ஈழநாட்டின் அச்சகமோ அது எழுதிய நிகழ்ச்சிகளுக்கு நடுவிலேயே நின்றது. உள்ளூர் உடைமை சுதந்திரத்தை அளித்தது. மறைந்துகொள்ள இடம் அளிக்கவில்லை.

1981இல் மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. மே 31ஆம் திகதி கூட்டமொன்றிற் பொலிசார் சுடப்பட்டதைத் தொடர்ந்து பொலிசார் நகரில் வெறியாட்டம் ஆடினர். ஏறக்குறைய 97,000 நூல்களைக் கொண்ட பொதுசன நூலகம் எரிந்த அந்நாட்களிலேயே ஈழநாட்டின் அலுவலகமும் அச்சகமும் எரியூட்டப்பட்டன. நூலகத்தின் அழிவை உலகமறியும். நாளேட்டின் அழிவு பெரும்பாலும் அதன் நிழலிலேயே ஒரு வரியாகக் குறிக்கப்படுகிறது. இது வரலாற்றெழுத்தில் உள்ள ஒரு குறையே. நூலகம் பொதுச்சொத்து; எரிந்த இயந்திரங்களோ தனியாரின் முதல். இழப்பின் சுமை நேரே உரிமையாளர் மீதே விழுந்தது.

ஆயினும் ஏடு மீண்டும் வெளிவந்தது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் முன்னாள் அதிபர் ந. சபாரத்தினம் எழுதிய ஆசிரியத் தலையங்கங்கள் அதன் பிற்காலத்துக்குத் தனிமதிப்பை ஈட்டின. 1985இல் உதயன் யாழ்ப்பாணத்திலே தொடங்கியபோது, தலைநகருக்கு வெளியே தமிழ் நாளேடொன்றை நடத்த இயலுமா என்று எவரும் வினவ வேண்டியிருக்கவில்லை.