தொலைபேசிக் கம்பி வழியே அலுவலகம்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த தமிழருக்குப் புனே நகரம் புதியதன்று. நம் பாட்டனார் காலத்துக் கடிதங்களில் அது பூனா என்று வழங்கிற்று. கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலையிலும், ராணுவக் கணக்குக் காரியாலயங்களிலும், ராஸ்தாப் பேட்டையின் தெருக்களிலும் தமிழ்க் குரல் நெடுநாளாகவே கேட்டுவந்திருக்கிறது. அன்றைய உத்தியோகத்துக்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு. கோப்பு எங்கே இருக்கிறதோ, அங்கே ஆள் போய்ச் சேரவேண்டும். தஞ்சையிலிருந்தும் வேலூரிலிருந்தும் நம்மவரை இவ்வளவு தூரம் இழுத்துவந்தது சம்பளம்தான். எனினும் அந்தச் சம்பளம் ஓர் அலமாரியின் அருகே உட்கார்வதற்காகத் தரப்பட்டது என்பதை மறப்பதற்கில்லை. அந்த விதி எவ்வாறு தளர்ந்தது என்பதையே இங்கே காண்போம்.

தொலைவிலுள்ள ஒரு யந்திரத்தைக் கம்பி வழியே வேலை வாங்கலாம் என்பதை 1940 செப்டம்பரில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்னும் கணித அறிஞர் செய்து காட்டினார். அவருடைய கணக்கிடும் யந்திரம் நியூயார்க் நகரில் இருந்தது. கணித அறிஞர்களின் மாநாடோ டார்ட்மவுத் கல்லூரியில் நடந்தது. அங்கே வைத்த தட்டச்சுத் தந்தி யந்திரத்தில் கணக்கைத் தட்டினார்கள். விடை நியூயார்க்கிலிருந்து வந்தது. யந்திரத்தைப் பெயர்த்துக் கொண்டுவரவில்லை. கணக்கு மட்டுமே பயணம் செய்தது.

பின்னர்ச் சாதாரணத் தொலைபேசிக் கம்பியே இப்பணிக்கு வந்தது. மனிதக் குரலுக்கென அமைந்த கம்பி அது. கணிப்பொறிக்கோ ஒன்று, பூஜ்யம் என்னும் இரண்டு குறிகளே தெரியும். ஒன்றுக்கு ஒரு சுருதி, பூஜ்யத்துக்கு வேறொரு சுருதி என மாற்றிப் பாடி அனுப்புவதும், மறுமுனையில் அதைக் கேட்டுத் திரும்பக் குறிகளாக்குவதும் மோடம் என்னும் கருவியின் வேலை. 1962-இல் வந்த பெல் 103 என்னும் மோடம் நொடிக்கு 300 குறிகளை, அதாவது 300 பிட்டுகளை அனுப்பியது. ஒரு மெகாபைட் அளவுள்ள கோப்பை அதன் வழியே பெற ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும். ரயிலில் சென்று கையோடு வாங்கி வருவது அதற்கு மேல்!

இந்தியாவுக்கு இவ்வசதி தாமதமாகவே வந்தது. வீட்டில் தொலைபேசி வேண்டுமென்று மனுக் கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கணிப்பொறி அதைவிட அரிது. 1981-இல் ஏழு பொறியாளர்கள் புனேயில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது அதற்குச் சொந்தமாகக் கணிப்பொறி இல்லை. வாடிக்கையாளரின் யந்திரம் அமெரிக்காவில் இருந்தது. ஆகவே பொறியாளர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். கோப்பு இருக்கும் இடத்துக்கு ஆள் போகவேண்டும் என்ற பழைய விதி அலமாரிக்குப் பதில் கணிப்பொறியை வைத்துக்கொண்டு அப்படியே தொடர்ந்தது. இரண்டாண்டுகளில் அந்நிறுவனம் பெங்களூருக்கு இடம் மாறியது.

மாற்றத்தின் முதல் அடியைக் கல்விச்சாலைகள் எடுத்து வைத்தன. ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் மத்திய அரசின் மின்னணுவியல் துறை 1986-இல் எர்நெட் என்ற வலையமைப்பைத் தொடங்கியது. பம்பாய், சென்னை முதலிய ஐந்து ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் அதில் சேர்ந்திருந்தன. தொலைபேசி எண்ணைச் சுழற்றி, மோடத்தை மோடம் அழைத்து, கடிதங்களைப் பரிமாறிக்கொள்வதே தொடக்க காலத்து முறை. புனேயில் 1988-இல் ஜயந்த் நார்லிகரை இயக்குநராகக் கொண்டு அமைந்த வானியல், வான்பௌதிகப் பல்கலைக்கழகங்களுக்கிடை மையமும் பின்னர் இவ்வலையில் சேர்ந்தது. பிற பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குத் துணை நிற்பதே அம்மையத்தின் நோக்கம் ஆதலால், தூரத்தில் உள்ளவரை எட்டும் கம்பி அதற்கு அலங்காரம் அன்று, அவசியம்.

வணிகத் துறைக்கு 1990-இல் வாய்ப்பு வந்தது. பெங்களூர், புவனேஸ்வரம் இரண்டோடு புனேயிலும் அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தது. செயற்கைக்கோள் வழியே வெளிநாட்டுக் கணிப்பொறிகளோடு தொடர்பு வாடகைக்குக் கிடைத்தது. அமெரிக்கா போகவேண்டியிருந்த பொறியாளர் புனேயிலேயே இருந்துகொண்டு அங்குள்ள யந்திரத்தில் வேலை செய்யலாயிற்று. நம்மவர் பலர் இந்நகருக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் கடல் கடப்பதை இத்தொடர்பு தவிர்த்தது. ஆனால் அவர் தமிழ்நாட்டிலிருந்து மராட்டியம் வருவதைத் தவிர்க்கவில்லை!

இனி, அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த கம்பியைப் பார்ப்போம். 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. மென்பொருளில், தொலைபேசி வழியே அலுவலக சர்வரை அடையும் ஏற்பாடு உள்ளடங்கியே இருந்தது. கோப்புகள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்திருக்கும் கணிப்பொறியே சர்வர். அதன் அருகே சில மோடங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொலைபேசி இணைப்புக் கொடுப்பார்கள். வீட்டிலிருந்து ஊழியர் எண்ணைச் சுழற்றுவார், கீச்சென்ற ஒலியோடு இரண்டு மோடங்களும் வேகம் பேசி உடன்படும், கடவுச்சொல் கேட்கும், பிறகு அலுவலகக் கோப்புறைகள் வீட்டுத் திரையில் தோன்றும். எச்சரிக்கை மிகுந்த நிறுவனங்கள் இன்னொரு முறையையும் கையாண்டன. அழைப்பை ஏற்ற சர்வர் உடனே துண்டித்துவிட்டு, பதிவில் உள்ள வீட்டு எண்ணைத் தானே திரும்ப அழைக்கும். கடவுச்சொல்லைத் திருடியவன் வேறு வீட்டிலிருந்து நுழைய முடியாது; அழைப்புக் கட்டணமும் ஊழியர் தலையில் விழாது. இரண்டு நன்மையில் எதற்காக ஊழியர் அதிகம் மகிழ்ந்தார் என்று சொல்லவேண்டியதில்லை.

வேகத்தின் கதைதான் சோதனை. அலுவலகத்துக்குள் ஓடிய கம்பி நொடிக்கு ஒரு கோடி பிட்டுகளைச் சுமந்தது. வீட்டு மோடம் 1994-இல் அதிகபட்சம் 28,800 பிட்டுகளையே சுமந்தது. முந்நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. அலுவலகத்தில் ஒரு நொடியில் திறக்கும் மெகாபைட் கோப்புக்கு வீட்டில் ஐந்து நிமிடம். சர்வரில் உள்ள மென்பொருளையே வீட்டிலிருந்து இயக்க முயன்றவர் கதை இன்னும் பரிதாபம். கோப்போடு மென்பொருள் முழுவதும் அக்கம்பி வழியே ஊர்ந்து வரவேண்டும். அனுபவசாலிகள் மென்பொருளை வீட்டுக் கணிப்பொறியிலேயே வைத்துக்கொண்டு கோப்பை மட்டும் வரவழைத்தார்கள். அல்லது வேலை முழுவதையும் அலுவலகக் கணிப்பொறியிலேயே நடக்கவிட்டு, திரையின் பிம்பத்தை மட்டும் வீட்டில் பார்த்தார்கள். ஸ்டிபிட்ஸ் செய்து காட்டியதும் ஏறக்குறைய இதுவே.

வேறு தொல்லைகளும் உண்டு. நடுவில் இணைப்பு அறுந்தால், கோப்பு இன்னும் ஒருவர் கையில் இருப்பதாகவே சர்வர் சில வேளைகளில் எண்ணிக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் சக ஊழியர் அதில் எழுத முடியாமல் திகைப்பார். மழைக்காலத்தில் பூமிக்கடியிலுள்ள இணைப்புகளில் நீர் இறங்கினால் கம்பி இரையும். மோடம் வேகத்தைக் குறைக்கும். வீட்டுக்கு இருந்ததோ ஒரே இணைப்பு. மோடம் பேசிக்கொண்டிருக்கையில் ஊரிலிருந்து தாயார் அழைத்தால் கிடைப்பது 'எங்கேஜ்' ஒலியே. அந்நாளில் வெளியூர் அழைப்புக்கு இரவு நேரத்தில்தான் கட்டணம் குறைவு. கோப்புகளை இறக்குவதற்கும் அதுவே ஏற்ற நேரம். அலுவலகமும் குடும்பமும் ஒரே கம்பிக்காக ஒரே பொழுதில் போட்டியிட்டன. வீட்டிலிருந்து வேலை என்பதை முழு விடுதலையாகப் பேசுவோர் இந்த இரவுகளையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பது நம் கருத்து. கம்பி நீண்டபோது வேலை நேரமும் சேர்ந்தே நீண்டது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. பத்தாண்டு கழித்து, 2005-இல், பி.எஸ்.என்.எல். அகண்ட அலைவரிசைச் சேவையைக் கொணர்ந்தது. அதே செப்புக் கம்பியில் பேச்சும் கோப்பும் ஒருங்கே சென்றன. தாயாரின் அழைப்பும் தடைப்படவில்லை. மோடத்தின் கீச்சொலி மெல்ல மறைந்தது.

கம்பி தயாராயிற்று, சட்டம் தயாராக மேலும் காலம் பிடித்தது. அழைப்பு மையங்கள் போன்ற சேவை நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் கடும் நிபந்தனைகள் இருந்தன. 2020 மார்ச்சில் தொற்றுநோயின் நெருக்கடியில் அவை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் விதிகளே பெரிதும் எளிதாக்கப்பட்டன. ஹிஞ்சவடி தொழிற்பூங்காவின் கட்டடங்கள் வெறிச்சோடின. மடிக்கணினியோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள், கும்பகோணத்து வீட்டிலும் திருநெல்வேலி மாடியிலும் அமர்ந்து புனே சர்வரின் கோப்புகளைத் திறந்தார்கள். பின்னர் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப அழைக்கத் தொடங்கின. வாரத்தில் இத்தனை நாள் நேரில் வரவேண்டும் என்ற கடிதம் வந்ததும், புனேயில் பூட்டிக்கிடந்த வீட்டுக்கு வாடகையைத் தொடர்வதா, சாவியைத் திருப்பிக் கொடுப்பதா என்று நம் குடும்பங்கள் பலவற்றில் கணக்குப் போட்டார்கள்.