உதிரிப் பேச்சின் வரலாறு: முள்ளியவளையை முன்வைத்துச் சில குறிப்புகள்

பொதுசன அபிப்பிராயம் பற்றிய எமது ஆய்வுகள் பெரும்பாலும் பத்திரிகைத் தலையங்கங்களையும் மேடைப் பேச்சுக்களையும் தேர்தற் பெறுபேறுகளையுமே ஆதாரமாகக் கொண்டு வந்துள்ளன. தேநீர்க் கடையிலும் வாசிகசாலைத் திண்ணையிலும் வயல் வரம்பிலும் கிணற்றடியிலும் மக்கள் தம்முட் பேசிக்கொண்டவை, எழுத்திற் பதியப்படாத ஒரே காரணத்தினால், வரலாற்றின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. அவற்றுக்கு நாம் வழங்கிய பெயர் வம்பளப்பு என்பதாகும். இன்றோ அதே வம்பளப்பு கைத்தொலைபேசித் திரையில் எழுத்தாகவே நிகழ்கின்றது. புதிய தொலைபேசியின் தரம், இணைய விளையாட்டு, தொலைக்காட்சிச் செய்தியின் பக்கச்சார்பு, அமைச்சரொருவரின் வாக்குறுதி ஆகிய யாவும் ஒரே மூச்சிற் பேசப்படுகின்றன. இதனைக் கண்டு முகஞ்சுளிக்கும் ஆய்வறிவாளர், இப்பேச்சுக்கு ஒரு முன்வரலாறு உண்டென்பதை மறந்துவிடுகின்றனர்.

சோவியத் மொழியியலாளர் வொலோஷினோவ் 1929இல் வெளியிட்ட நூலில், சமூக மாற்றங்கள் முறையான கருத்துநிலை வடிவங்களைப் பெறுவதற்கு முன்னரே அன்றாடப் பேச்சிற் பதிவாகிவிடுகின்றன என வாதிட்டார். அக்கருத்தினை ஏற்பின், உதிரிப் பேச்சில் வெளிப்படும் அபிப்பிராயம் சரியா பிழையா என்பது இரண்டாவது கேள்வியாகிவிடும். அப்பேச்சு எந்தப் பௌதிகச் சாதனங்களினூடாக நிகழ்ந்தது, அச்சாதனங்கள் எவர் கையில் இருந்தன, பேச்சில் எவர் சேர்த்துக்கொள்ளப்படவில்லை என்பனவே முதற் கேள்விகளாகும். இக்கேள்விகளை எழுப்புதற்கு முல்லைத்தீவு மாவட்டத்துக் கரைதுறைப்பற்றுப் பிரதேசத்திலுள்ள முள்ளியவளை மிகவும் பொருத்தமான களமாகும். ஏனெனில், மின்சாரமும் மின்கலமும் எரிபொருளும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் தடைசெய்யப்பட்டிருந்த நிலத்தின் நடுவே அவ்வூர் உள்ளது.

முள்ளியவளையின் பழைய பேச்சுக் களங்கள் கோயிலையும் கூத்தையும் வேளாண்மையையும் சார்ந்திருந்தன. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னர், கடலிலிருந்து எடுத்துவரப்படும் உப்புநீரில் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கெரிக்கும் மரபு நன்கறியப்பட்டது. அச்சூழலிலே பேணப்பட்ட கோவலன் கூத்து, ஓர் அரசனின் தீர்ப்பைப் பெண்ணொருத்தி அவையேறிக் கேள்விக்குட்படுத்தும் கதையாகும். அண்ணாவியாரின் திறமை பற்றியும் வேடங்கட்டியவரின் குரல்வளம் பற்றியும் விடியும்வரை நடந்த விமர்சனத்தில், கலையபிப்பிராயத்தோடு காணிப் பிணக்கும் குளத்து நீர்ப் பங்கீடும் கலந்தே இருந்தன. நிலமானியப் பெறுமானங்கள் மேலோங்கியிருந்த அவ்வமைப்பில் எவரெவர் எவ்விடத்தில் அமர்வது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தமையையும் மனங்கொள்ள வேண்டும்.

வீரகேசரி (1930), தினகரன் (1932) ஆகிய கொழும்புப் பத்திரிகைகளும் பின்னர் யாழ்ப்பாணத்து ஈழநாடும் (1959) பரவியபோது வாசிகசாலையும் சனசமூக நிலையமும் தேநீர்க் கடையும் புதிய களங்களாயின. ஒருவர் உரத்து வாசிக்கப் பலர் கேட்டு அபிப்பிராயம் சொல்வதே அக்காலப் பத்திரிகை வாசிப்பு. ஒரு பத்திரிகையின் விலையை ஊரே பகிர்ந்துகொண்டது எனலாம். ஐரோப்பியக் கோப்பிக் கடைகளிலே முதலாளித்துவப் பொதுக்களம் உருவானதை ஹேபர்மாஸ் 1962இல் விளக்கினார். அவ்விளக்கத்தை எமது தேநீர்க் கடைக்கு அப்படியே பொருத்த முடியாது. வடபுலத்தின் பல தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையிலோ போத்தலிலோதான் தேநீர் வழங்கப்பட்டது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1960களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆலயப் பிரவேசத்துக்கென்றும் தேநீர்க் கடைப் பிரவேசத்துக்கென்றும் தனித்தனியே போராட வேண்டியிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' அப்போராட்டத்தின் இலக்கியப் பதிவாகும். வன்னியில் சாதியத்தின் இறுக்கம் அவ்வளவு கடுமையாக இருக்கவில்லை என்று கூறுவோருளர். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் வன்னிக்கு வந்து குடியேறிய மலையகத் தமிழரைக் காணியற்ற கூலிகளாகவே வைத்திருந்த நிலைமையை நோக்கின், இக்கூற்றினை அவ்வளவு இலகுவில் ஏற்க இயலாது. பேசும் வாங்கிலே இடம் பெறாதவர்களின் அபிப்பிராயம் ஊரபிப்பிராயமாகக் கணிக்கப்படவில்லை.

விளையாட்டும் இப்பேச்சின் பகுதியாகவே இருந்தது. ஈழத்தில் ஆண்கள் கூடுமிடமெங்கும் ஆடப்பட்ட 304 என்னும் கடதாசி விளையாட்டு இதற்கு நல்ல உதாரணம். அதில் வீரனுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என்பது கணக்கு. நான்கு வகையும் சேர 304 ஆகும். ராசாவை வீரனும் ஒன்பதும் வெல்லும் இவ்விதியிலே வர்க்கப் போராட்டத்தைக் காண முயல்வது மிகையாகிவிடும் (மாணவ நண்பர் சிலர் முயன்றதுண்டு). ஆயின், கேள்வி கேட்பதற்கும் துரும்பு வெட்டுவதற்கும் இடையிலேதான் அரிசி விலையும் பாராளுமன்றமும் பேசப்பட்டன. விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்ற பிரிப்பு அங்கே இருக்கவில்லை.

1970-77 காலப்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளினால் செத்தல் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய குடியேற்றத் திட்டங்களில் படித்த வாலிபர்கள் உட்படப் பலர் கையிற் பணம் புரண்டது. உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் திரான்சிஸ்டர் வானொலியும் பரவின. எந்த இயந்திரம் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பது அன்றைய தொழினுட்ப விவாதம். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அவ்விலை சரிந்தது. அச்சரிவையும் அதனையடுத்து வளர்ந்த இளைஞர் விரக்தியையும் இணைத்து நோக்கும் ஆய்வு இன்னும் விரிவாகச் செய்யப்படல் வேண்டும்.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபோது வடக்கிற்கான பொருளாதாரத் தடை நடைமுறைக்கு வந்தது. மின்சாரம் நின்றது. எரிபொருளும் மின்கலங்களும், இராணுவத் தேவைக்குப் பயன்படக்கூடியனவாகக் கருதப்பட்ட வேறு பல பொருள்களும் தடுக்கப்பட்டன. 1996இல் முல்லைத்தீவு இராணுவ முகாம் வீழ்ந்த பின்னர், 2002ஆம் ஆண்டு வரையிலே தடையின் முழுப் பாரத்தையும் சுமந்தது வன்னி பெருநிலமாகும். இக்காலத்தைப் பற்றாக்குறையின் வரலாறாக மட்டும் எழுதுவது போதாது. மக்கள் தொழினுட்பம் பற்றி மிகத் தீவிரமாகச் சிந்தித்த காலமும் இதுவே. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயுமிட்டு எரிந்த விளக்கு எவ்வளவு நேரம் நின்றெரியும், சில துளி பெற்றோலில் மோட்டார்ச் சைக்கிளை இயக்கிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதற்கு எது ஏற்ற நேரம், பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விடுவதற்குச் சேலைன் போத்தலை எங்கே கட்டுவது என்பன எல்லாம் சந்திகளில் விவாதிக்கப்பட்டன. இவை பொழுதுபோக்கு அபிப்பிராயங்களாக இருக்கவில்லை. பிழையான அபிப்பிராயத்தினால் இயந்திரம் பழுதாகும், நோயாளி வைத்தியசாலையைச் சென்றடையமாட்டார்.

இவற்றுள் வரலாற்று முக்கியத்துவம் மிக்கது சைக்கிள் தைனமோவில் இயங்கிய வானொலியாகும். சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தியோ தலைகீழாகக் கவிழ்த்தோ ஒருவர் மிதிக்க, பிறப்பிக்கப்படும் மின்சாரத்தில் வானொலி இயங்கும். மிதிப்பவர் களைத்தால் செய்தி மங்கும். எனவே மிதிப்பதற்கு முறை வைத்துக்கொள்ள வேண்டும். லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வெரித்தாசும் 1990 முதல் புலிகளின் குரலும் இவ்வாறே கேட்கப்பட்டன. செய்தியைக் கேட்பதற்கே உடலுழைப்பு வேண்டியிருந்த அந்நிலையில், எதனைக் கேட்பது, எதனை விடுவது என்பது கூட்டுத் தீர்மானமாயிற்று. கொழும்பு வானொலி சொன்ன இறந்தோர் தொகையும் புலிகளின் குரல் சொன்ன தொகையும் ஒப்பிடப்பட்டு, இரண்டுக்கும் நடுவே எங்கோ உண்மை தேடப்பட்டது. வானொலியை விநியோகிக்கும் சாதனமென்னும் நிலையிலிருந்து பரிமாறும் சாதனமாக மாற்ற வேண்டுமென பெர்தோல்ட் பிறெஃக்ற் 1932இல் எழுதினார். வன்னியிலே வானொலி பரிமாறும் சாதனமாகவில்லைதான். எனினும் அதனைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் வெறும் நுகர்வோராக இருக்கவில்லை.

இச்சித்திரத்தை இலட்சியமயப்படுத்துவது நேர்மையாகாது. வன்னியில் ஒலிபரப்பும் பத்திரிகையும் புலிகளின் கையில் இருந்தன. எதனை உரத்துப் பேசலாம், எதனைத் தணிந்து பேச வேண்டும் என்பதை ஊர் அறிந்திருந்தது. வவுனியா மாவட்டத்துச் சேமமடுவைச் சேர்ந்த கவிஞர் செல்வி 1991இல் யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளாற் கைதுசெய்யப்பட்டார். அவர் திரும்பி வரவில்லை. அரசு தன் பங்கிற்குக் குண்டுகளாற் பேசியது. 2007 நவம்பர் 27இல் கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையம் விமானத் தாக்குதலுக்குள்ளாகி, ஊடகப் பணியாளர் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். இவ்விரு அதிகாரங்களுக்குமிடையில் உதிரிப் பேச்சு தணிந்த குரலில் வாழ்ந்தது. தணிந்த குரலுக்கு ஆவணம் கிடையாது.

முரண்பாடு யாதெனில், வன்னி எழுத்திலே மிகுதியாக விவாதிக்கப்பட்டதும் இதே காலத்திலேயே ஆகும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து புலம்பெயர்ந்த தமிழரும் சிங்கப்பூர், மலேசிய, தமிழகத் தமிழரும் இணையத்தில் தமிழை எழுதத் தொடங்கினர். எழுத்துருவும் குறியீட்டு முறையும் பற்றிய தொழினுட்பச் சர்ச்சைகள், திரைப்படம், கிரிக்கெட், ஈழ அரசியல் ஆகியன அங்கே பக்கம் பக்கமாகப் பேசப்பட்டன. 1997இல் தமிழ்நெற் செய்தித் தளமும், அத்தசாப்தத்தின் இறுதியில் யாழ் இணையமும் தோன்றின. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் தொழிற்சாலை இரவு வேலை முடித்து வந்தவர்கள் வன்னிக் களமுனை பற்றி எழுதிய அபிப்பிராயங்களைச் சொகுசான மனிதரின் வெற்றுப் பேச்சென ஒதுக்கிவிட முடியாது. அவர்களுள் பலர் தம் உழைப்பின் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த பாட்டாளிகளே. ஆயினும் களத்தின் நடுவே இருந்த முள்ளியவளையின் சந்தி அவ்விவாதத்திற் பங்குபற்றவில்லை. அங்கே தொலைபேசிக் கம்பி இல்லை. கணினிக்கு மின்சாரம் இல்லை. ஆகவே, நாளைய ஆய்வாளர் ஒருவர் 1996க்கும் 2002க்கும் இடைப்பட்ட வன்னி பற்றிய 'மக்கள் அபிப்பிராயத்தை' இணையச் சேமிப்புகளிலே தேடுவாராயின், அவருக்குக் கிடைப்பது வன்னி மக்களின் அபிப்பிராயமன்று, வன்னி பற்றி வெளியிலிருந்தோர் கொண்ட அபிப்பிராயமாகும். ஊரிலிருந்த சிறிதளவு எழுத்தும் எஞ்சவில்லை. 2008இன் இறுதியில் முள்ளியவளை இடம்பெயர்ந்தபோது சனசமூக நிலையங்களின் கூட்டக் குறிப்பேடுகளை எவர் தூக்கிச் சென்றிருக்க முடியும்? 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தின் பணி மகத்தானது. ஆயின் அச்சேறியதையும் எழுதப்பட்டதையுமே அது மீட்கலாம்.

போருக்குப் பின்னர் மீளக்குடியேறிய மக்களிடம் வீட்டிற்குக் கூரை முழுமையாக வருமுன்னரே கைத்தொலைபேசி வந்தது. செட்டிகுளம் முகாம்களில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், காணாமற்போன உறவினரைத் தேடும் கருவியாகவே அது முதலில் மதிக்கப்பட்டது. இன்று அதே கருவியில் இளைஞர்கள் 'ஃபிறீ ஃபயர்', 'பப்ஜி' முதலிய விளையாட்டுக்களை ஆடுகின்றனர். இவை நேரத்தை வீணாக்குகின்றன என்ற மூத்தோர் அபிப்பிராயமும், அவை திறமையை வளர்க்கின்றன என்ற இளையோர் மறுப்பும் எங்கும் கேட்கப்படுபவை. வன்னியில் இதற்கு வேறொரு பரிமாணமுண்டு. இவ்விளையாட்டுக்களின் விதிப்படி பாதுகாப்பான வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கும். வட்டத்துக்கு வெளியே நிற்பவர் உயிரிழப்பார். 2009ஆம் ஆண்டு சனவரி 21இலும் பெப்ரவரி 12இலும் மே 8இலும் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் ஒன்றைவிட ஒன்று சுருங்கி முள்ளிவாய்க்காற் கரையில் முடிந்தன. அவ்வலயங்களின் உள்ளே இருந்தோரும் கொல்லப்பட்டனர். விளையாட்டை வடிவமைத்தோர் இதனை அறிந்திருக்கமாட்டார்கள்; ஆடும் பதினைந்து வயதினருக்கும் அது நேரடி நினைவன்று. ஆனால் பின்னால் நின்று திரையைப் பார்க்கும் தாய்க்கு அவ்வட்டம் வெறும் வட்டமாக இருக்க முடியாது. இலாபத்திற்காக உற்பத்தி செய்யப்படும் உலகப் பண்டமொன்று குறிப்பிட்ட நிலத்தின் வரலாற்றோடு மோதும்போது தோன்றும் அர்த்தத்தை, பயனாளர் தொகைகளைக் கொண்டு அளக்க இயலாது.

தென்னிலங்கை பேச்சுத் தடையை அனுபவித்த நாட்களும் உண்டு. 2018 மார்ச்சில் திகண வன்செயலின்போதும் 2019 ஏப்பிரலிலும் 2022 ஏப்பிரல் 3இலும் சமூக ஊடகங்கள் அரசினால் முடக்கப்பட்டன. 2018 வன்செயலிற் தன் தளம் பயன்படுத்தப்பட்டமைக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரிற்று. 2022இல் எரிபொருளுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, இதுவரை காணாத அவலம் என்று கொழும்பு எழுதியது. நாம் பத்து வருடங்களுக்கு மேல் இதைத்தானே பார்த்தோம் என்பது வடக்கிலிருந்து எழுந்த மறுமொழி. அம்மறுமொழியில் ஏளனம் மாத்திரம் இருந்ததெனக் கொள்ளலாகாது. தைனமோ வானொலியின் தலைமுறை தன் அனுபவத்தை முதன்முறையாக நாட்டின் பொதுப் பேச்சினுள் வைத்தது.

அதே காலப்பகுதியில் முகநூற் பதிவுகளுக்காகத் தமிழ் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டனர். 2024 சனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. இதன் விளைவு பதிவுகளை அழித்தலாகும். அச்சம் கொண்டவர் முதலில் அழிப்பது உதிரிப் பேச்சையே. சந்திப் பேச்சு எழுதப்படாமையால் மறைந்தது. திரைப் பேச்சு எழுதப்பட்ட பின் மறைகின்றது. அழியாது எஞ்சுவனவும் அயல்நாட்டு நிறுவனங்களின் சேமிப்பகங்களிலே அவற்றின் சொத்தாக உள்ளன.

2017இன் தொடக்கத்தில் கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாயிலிலே தம் காணிக்காக அமர்ந்தனர். ஒரு மாதத்தின் பின் அக்காணிகளுக்குத் திரும்பினர். அவ்வாண்டு மார்ச் 8இல் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் முல்லைத்தீவில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். தேநீர்க் கடை வாங்கில் ஒருபோதும் இடம்பெறாத பெண்களே இரு இடங்களிலும் முன்னின்றனர். சமையலுக்கும் காத்திருப்புக்குமிடையே, வந்துபோன அமைச்சர் பற்றியும் செய்தி போடாத பத்திரிகை பற்றியும் அவர்கள் பேசியவற்றைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து முகநூலில் இட்டனர். வீதியின் மறுபுறம் நின்ற புலனாய்வாளரும் படமெடுத்தனர். பிள்ளைகள் எடுத்தவற்றுள் எத்தனை அத்தொலைபேசிகளில் இன்னும் உள்ளன என்பதை அறிவதற்கு வீடு வீடாகச் சென்றுதான் கேட்க வேண்டும்.