பஞ்ச்: ஒரு கிண்ணத்தின் வரலாறு

பத்திரிகைத்துறைக்கும் மதுவுக்கும் இருந்த உறவை அத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய எவரும் மறுக்கமாட்டார்கள். இரவுப் பதிப்பு அச்சுக்குப் போனபின் வீடு திரும்பாமல் தவறணைக்குத் திரும்பியவர்கள் பலர். அவர்களுள் சிலரை நாம் மிக இளவயதிலேயே இழந்தோம். அந்தப் பழக்கத்தை உதறித் தப்பிப் பிழைத்த ஒரு மூத்த நண்பரை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆனால் அதற்குமுன் சற்று வரலாறு.

பழச்சாறும் மதுவும் கலந்த பானங்களுக்கெல்லாம் மூத்தது பஞ்ச் எனலாம். அது பிறந்தது மேல்நாட்டு விடுதிகளில் அன்று, நம்முடைய கடற்கரைகளில். கிழக்கிந்தியக் கம்பனி ஊழியர் ஒருவர் 1632இல் ஆந்திரக் கரையிலிருந்த பெத்தப்பள்ளிப் பண்டகசாலை நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே இப்பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது. 1638இல் சூரத்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி மண்டெல்ஸ்லோ, அங்கிருந்த ஆங்கிலேயர் அருந்திய இப்பானத்தில் சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சீனி ஆகியன இருந்ததாகக் குறித்துள்ளார்.

'பஞ்ச்' என்பது ஐந்தைக் குறிக்கும் இந்தியச் சொல் என்றும், ஐந்து பொருள்கள் சேர்வதால் அப்பெயர் வந்தது என்றும் எழுதியவர் ஜோன் பிரையர் என்ற ஆங்கில வைத்தியர். அவரது நூல் 1698இல் வெளியானது. பழனிப் பஞ்சாமிர்தத்தை அறிந்த நமக்கு இவ்விளக்கம் இனிக்கத்தான் செய்கிறது. எனினும் மண்டெல்ஸ்லோவின் பட்டியலில் நான்கு பொருள்களே உள்ளன என்பதைக் கவனிக்கவேண்டும். கப்பலில் மது நிரப்பிய 'பஞ்சன்' என்ற பீப்பாயிலிருந்து இப்பெயர் வந்தது என்போரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

பெயர் எப்படியாயினும் காரணம் தெளிவானது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த பியரும் திராட்சை மதுவும் வெப்பமண்டலத்தில் கெட்டுப்போயின. இங்கு கிடைத்ததோ கள்ளிலிருந்து வடித்த சாராயம். ஆங்கிலேயர் அதனை 'அரக்' என்றனர். வியர்வையைக் குறிக்கும் அரபுச் சொல் அது. வடிகலத்தில் துளிதுளியாகச் சேர்வதைக் கண்டு வைத்த பெயர். அதன் காட்டத்தைத் தணிக்கத் தேசிக்காயும் சீனியும் நீரும் வேண்டியிருந்தன.

இலங்கையில் அதே சாராயம் அரசின் பொக்கிஷமாகியது. அதனை விற்கும் உரிமையைப் பிரித்தானிய ஆட்சி ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. தவறணைகளில் கரைந்த கூலியில் ஒரு பங்கு அரசாங்க வருமானமாயிற்று. 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள் நாட்டின் அரசியல் விழிப்புக்கே வித்திட்டன. அவற்றில் முன்னின்ற எப்.ஆர். சேனநாயக்கா, டி.எஸ். சேனநாயக்கா சகோதரர்கள் 1915இல் சிறையிலடைக்கப்பட்டமை நினைவுகூரத்தக்கது.

மதுவற்ற கலவைகள் நேற்று முளைத்த நாகரிகம் என்று எண்ணுவோர் உளர். அது தவறு. அமெரிக்கரான ஜெரி தோமஸ் 1862இல் வெளியிட்ட மதுக்கலவை நூலிலேயே மதுவிலக்குப் பானங்களுக்கென ஒரு பகுதி உண்டு. 1867இல் ஸ்கொட்லாந்தின் லோக்லின் ரோஸ், சாராயம் சேர்க்காமல் தேசிச்சாற்றைப் பாதுகாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை கப்பல்களில் அச்சாறு கெடாதிருக்க மதுவையே சேர்த்தனர். அதே 1867இல்தான் இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். அந்தத் தேயிலைக்கு உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர்கள்.

நம் முன்னோரின் அறிவு இவற்றுக்கெல்லாம் முந்தியது. பனையில் கட்டும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பணி. பூசாவிட்டால் அது கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை நொதித்தலைத் தடுக்கிறது. ஒரே மரம், ஒரே பாளை. வேறுபாடு ஒரு பூச்சு மட்டுமே.

இனி நண்பரின் கதைக்கு வருகிறேன். ஆண்டிறுதி இரவில் பழைய சகாக்கள் எங்கள் வீட்டில் கூடுவது வழக்கம். சாராயமும் கொடித்தோடைச் சாறும் கலந்த பஞ்ச் ஒரு பெரிய கிண்ணத்தில் இருக்கும். குடியை விட்ட முதலாண்டில் நண்பர் தண்ணீர்க் கோப்பையுடன் நின்றார். "என்ன, சுகமில்லையோ?" என்று அத்தனை பேரும் கேட்டனர். ஒன்பது மணிக்கே விடைபெற்றுப் போய்விட்டார்.

மறுவருடம் மதுவற்ற கிண்ணம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நிறம். யாரோ ஒருவர் நல்லெண்ணத்துடன் ஒன்றிலிருந்து அள்ளி மற்றதை நிரப்பிவிட்டார். நண்பர் ஒரு வாய் எடுத்தவுடன் கோப்பையை மேசையில் வைத்தார். என்னைத் தனியே அழைத்து, "தம்பி, இதுக்குள்ள சாமான் கலந்திருக்கு. என்னை வீட்டை கொண்டுபோய் விடும்" என்றார். வழியெங்கும் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிழை முழுவதும் என்னுடையது. "மன்னியுங்கோ அண்ணை" என்பதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை.

அன்றிலிருந்து முறையை மாற்றிக்கொண்டேன். கிண்ணம் ஒன்றுதான், அதில் மது இல்லை. பத்துப் பேருக்கு நான் செய்யும் விதம் இது. ஆறு தேசிக்காயின் பச்சைத் தோலை மட்டும் மெல்லச் சீவி, ஒரு கோப்பைச் சீனியுடன் பிசைந்து இரண்டு மணி நேரம் வைக்கவேண்டும். தோலின் எண்ணெயைச் சீனி இழுத்துக்கொள்ளும். பழைய பஞ்ச் செய்முறைகளின் இரகசியமே இதுதான். அதில் நான்கு கோப்பை சூடான சாயத்தேநீரை ஊற்றிச் சீனியைக் கரைத்து வடித்து ஆறவிடுக. பின்னர் அந்த ஆறு தேசிக்காயின் சாறு, எட்டுக் கொடித்தோடையின் சாறு, ஓர் அன்னாசியின் சாறு, சிறிது இஞ்சிச் சாறு, மூன்று கோப்பை குளிர்நீர் சேர்க்கவும். மேலே சாதிக்காயைத் துருவுக. மதுவின் கடுப்புக்குப் பதிலாகத் தேநீரின் துவர்ப்பும் இஞ்சியின் உறைப்பும் நிற்கும். வெறும் பழச்சாறு திகட்டுவதற்குக் காரணம் இவை இல்லாமையே.

சாராயப் போத்தல் அறையின் மறுகோடியில், தனி மேசையில் இருக்கும். வேண்டியவர் தம் கோப்பையில் தாமே ஊற்றிக்கொள்ளலாம். எவரது கோப்பையில் என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது, எவரும் கேட்பதுமில்லை.

அடுத்த ஆண்டும் நண்பரை அழைத்தேன். தயங்கித்தான் வந்தார். கிண்ணத்தை நான் அவருக்கு முன்னாலேயே கலந்து காட்டினேன். அன்று நள்ளிரவு மணியோசை கேட்கும்வரை அவர் எங்களுடன் இருந்தார்.