பழைய வெள்ளி ரூபாயின் மதிப்பு யாது?

இரத்தினபுரியில் மாணிக்கக் கல்லை நிறை பார்த்து மட்டும் விலை பேசுவோர் இல்லை. நிறம், தெளிவு, குற்றம் யாவும் நோக்கியே விலை கூறுவர். ஆயின், நம் தோட்டப்புறத்துப் பாட்டிமாரின் வெள்ளி ரூபாய் அடகுக்கடைத் தராசில் ஏறும்போது, நிறை ஒன்றே பேசுகிறது. இதனால் நம்மவர் இழப்பது பணம் மட்டுமன்று.

இலங்கையில் 1872ஆம் ஆண்டு முதல் ரூபாயும் சதமும் கணக்காக வழங்கலாயின. அந்த ரூபாய் இந்தியாவில் அச்சான வெள்ளி ரூபாயே. ஆகவே, இங்கே தேடிய காசு கடலுக்கு அப்பால் சொந்த ஊரிலும் செல்லுபடியாயிற்று. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது அதன் நோட்டுகளை வைத்திருந்தோர் கலங்கினர். அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னரே அமைதி உண்டாயிற்று. அக்காலத்தார் காகிதத்தினும் வெள்ளியை நம்பியதில் வியப்பில்லை. மிச்சம் பிடித்த ரூபாய்க்கு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிந்தனர்.

இனி, மதிப்பிடும் முறையைக் காண்போம். அக்கால ரூபாயின் நிறை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாதலின், ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி உண்டு. அன்றைய வெள்ளி விலையில் இதன் பெறுமதியே அடிவிலை. 1940ஆம் ஆண்டு ரூபாய் முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. 1892 முதல் வெளியான இலங்கையின் ஐம்பது சத வெள்ளிக் காசில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி. 1919 முதல் 550 பங்கே.

அடிவிலைக்கு மேற்பட்டது சேகரிப்போர் தரும் விலை. பழமை மிகுந்தால் விலையும் மிகும் என்று பலர் எண்ணுவர், அஃது உண்மையன்று. 1862 என்ற ஆண்டெண்ணை மாற்றாமலே 1874 வரை ரூபாய்கள் அச்சிடப்பட்டன. எனவே அவை ஏராளம். அவற்றுக்குப் பல்லாண்டு இளைய 1939ஆம் ஆண்டு ரூபாயோ மிக அரிது. 1911ஆம் ஆண்டு ரூபாயில் மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றிபோல் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டே உருவம் திருத்தப்பட்டது. அதனால் அதற்கும் தனி மதிப்புண்டு.

ஆண்டெண்ணோடு அச்சுச்சாலையையும் நோக்குக. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் அடியில் சிறு புள்ளி இருப்பின் பம்பாய், இன்றேல் கல்கத்தா. பின்னர், முகத்தின் முடியிழை, கிரீடம், ஆடை ஆகியன எவ்வளவு தேய்ந்துள்ளன என்று காண்க. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிய காசு பளபளக்கும். ஆனால் விலை வீழும். கறுத்த காசைக் கறுத்தபடியே விடுதல் நன்று. அரிய ஆண்டுகளில் எண் திருத்திய போலிகளும் உலாவுவதால், ஒருவர் சொல்லை மட்டும் நம்பாது, காசு வணிகர் இருவரிடமேனும் விசாரித்தல் வேண்டும்.

துளையிட்ட காசுக்கும் வளையம் பற்றவைத்த காசுக்கும் சேகரிப்போர் சொற்ப விலையே தருவர். நம் வீடுகளில் எஞ்சியவற்றுள் பல அத்தகையனவே. ஆயினும் சிந்தியுங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தை அல்லது தந்தைவழி முன்னோர் எங்கே பிறந்தனர் என்பதற்குச் சான்று கேட்டது. நம் முன்னோர் பலரிடம் பத்திரம் இல்லை. பாட்டியின் கழுத்து ரூபாய் சட்டத்தின் முன் சான்றாகாதுதான். எனினும் இம்மண்ணில் அவர் உழைத்ததற்கு வீட்டில் எஞ்சிய அடையாளம் பல குடும்பங்களில் அது ஒன்றே. அதை உருக்கிவிட்டால் அதுவும் போயிற்று.

ஆதலின் இளைஞர்களே, வீட்டிலுள்ள காசுகளை இன்றே எடுத்துப் பாருங்கள். ஆண்டெண், மன்னர் பெயர், நிறை ஆகியவற்றோடு, யார் அணிந்தது, எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர் என்பதையும் பெரியோரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெரியோர்களே, அவர்கள் கேட்கும்போது பொறுமையுடன் சொல்லுங்கள். வறுமையால் விற்க நேரினும், விவரம் அறிந்து விற்போம். ஒன்றையேனும் பேரப்பிள்ளைக்கென்று வைப்போம்.