வலி தணிக்க வந்த பேராசிரியர்

விழா மலர்களில் கோயில் எழுப்பியோர், பள்ளி தொடங்கியோர் வரலாற்றை நாம் விரும்பிப் படிப்பதுண்டு. இங்கே நாம் கூற வந்தது வேறொரு வரலாறு. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் ஒரு மருத்துவப் பேராசிரியர் தம் துறையிலிருந்து மற்றொரு துறைக்கு வந்த வரலாறு அது. தீராத நோயாளி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு செய்தி உண்டு.

1947-இல் பிறந்த டாக்டர் எம். ஆர். ராஜகோபால் திருவனந்தபுரத்தில் மருத்துவம் பயின்றார். டில்லியில் மயக்க மருத்துவத்தில் மேற்பட்டம் பெற்று, பின்னர் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் அத்துறைப் பேராசிரியராக விளங்கினார். அறுவையின்போது நோயாளிக்கு வலி தெரியாமல் காப்பது அவர் தொழில். எந்த நரம்பு எவ்வழிச் செல்கிறது என்று அறிந்து, அதனருகே மருந்தை ஊசியால் செலுத்தினால், அவ்விடத்து வலி அடங்கிவிடும். அந்த அறிவைக் கொண்டு புற்றுநோயாளரின் வலியையும் நீக்க அவர் முற்பட்டார்.

அக்காலத்தில் நடந்த ஒன்றை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். புற்றுநோயால் கடும் வலியுற்ற ஒரு கல்லூரி ஆசிரியர் அவரிடம் அனுப்பப்பட்டார். ஊசி போட்டதும் வலி நின்றது. "மறுபடி எப்போது வரவேண்டும்?" என்று அந்த நோயாளி கேட்டார். இனி வரத் தேவையில்லை என்று மகிழ்ச்சியோடு விடை வந்தது. ஆனால் நோய் குணமாகாது என்பதை அதுவரை எவரும் அம்மனிதரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த விடையில் அதைப் புரிந்துகொண்டு வீடு திரும்பியவர், அன்றே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

நரம்புக்கு மருத்துவம் செய்தோம், மனிதனுக்குச் செய்யவில்லை என்று பேராசிரியர் உணர்ந்தார். அவர் வாழ்வு திசை மாறியது இங்கேதான்.

அவர் தேடிய வழி ஏற்கெனவே இங்கிலாந்தில் தொடங்கியிருந்தது. செவிலியாகவும் சமூக ஊழியராகவும் இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், லண்டன் ஹாக்னியில் அயர்லாந்து அருட்சகோதரிகள் நடத்திவந்த புனித சூசையப்பர் இல்லத்தில் 1958 முதல் பணிபுரிந்தார். வலி வந்தபின் மருந்து கொடுப்பதை விடுத்து, வலி வருமுன்பே நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுக்கும் முறையை அங்கே நிலைநாட்டினார். உடல் நோவோடு மனக்கவலையும், குடும்பக் கவலையும், ஆன்ம வேதனையும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்பது அவர் போதனை. 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை அவர் நிறுவினார். நோயை நீக்க இயலாதபோதும் துன்பத்தைத் தணிக்கும் இப்பணியைப் 'பாலியேட்டிவ் கேர்' என்கிறோம்.

1993-இல் ராஜகோபாலும், டாக்டர் சுரேஷ் குமாரும், தொண்டுள்ளம் படைத்த நண்பர்களும் கூடிக் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். மருத்துவக் கல்லூரியிலேயே புறநோயாளர் பிரிவாக அது தொடங்கியது. படுக்கையை விட்டு எழ இயலாதவர்கள் எப்படி வருவார்கள்? ஆகவே மருத்துவமே வீடு தேடிச் செல்லவேண்டியதாயிற்று.

இங்கே பெருந்தடை ஒன்று குறுக்கிட்டது. மார்ஃபின் அபினியிலிருந்து எடுக்கப்படுவது. மருந்துக்கான அபினியைச் சட்டப்படி விளைவிக்கும் முக்கிய நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று. எனினும் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், ஒரு மருத்துவமனை சிறிதளவு மார்ஃபின் வாங்கவும் பல உரிமங்களைக் கேட்டது. ஓர் உரிமம் கிடைப்பதற்குள் மற்றொன்றின் காலம் முடிந்துவிடும். தவறினால் கடுந்தண்டனை. ஆதலால் மருத்துவமனைகள் அம்மருந்தையே கைவிட்டன. விளைந்த நாட்டில் மருந்து இல்லை. வீடுகளில் அலறல் ஓயவில்லை. சட்டம் தீங்கு செய்ய எண்ணி இயற்றப்பட்டதன்று. ஆனால் போதைக்கு அடிமையானவனைத் தடுக்கப் போட்ட பூட்டு, சாகக் கிடந்தவனின் மருந்துப் பெட்டியிலும் விழுந்துவிட்டது.

ராஜகோபாலும் தோழர்களும் அதிகாரிகளைப் பலமுறை கண்டு விளக்கினார்கள். 2003-இல் அவர் 'பாலியம் இந்தியா' என்னும் அமைப்பை நிறுவி, பிற மாநிலங்களுக்கும் பணியைக் கொண்டு சென்றார். கேரள அரசு 2008-இல் இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இன்றியமையாத வலி மருந்துகளுக்கு நாடெங்கும் ஒரே சீரான விதிமுறைக்கு வழி செய்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவ்வளவும் ஒரு மருத்துவரால் மட்டும் ஆனதன்று. மலப்புரம், கோழிக்கோடு பகுதிகளில் மாணவர்களும், இல்லத்தரசிகளும், ஓய்வுபெற்றவர்களும் பயிற்சி பெற்றுத் தங்கள் தெருவிலுள்ள நோயாளிகளைக் கவனிக்க முன்வந்தனர். ஊராரின் சிறு நன்கொடைகளால் செலவு நடந்தது. செவிலியர் புண்ணைக் கழுவி மருந்திட்டார். தொண்டர்கள் அருகிலிருந்து பேச்சைக் கேட்டார்கள். அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசி வந்தது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு வழி பிறந்தது. சாதி, மதம் எவரும் கேட்கவில்லை. மருந்துச் சீட்டு மருத்துவரிடமிருந்து வரலாம். மற்றவை அண்டை வீட்டாரிடமிருந்துதான் வரவேண்டும் என்பதை அம்மக்கள் செய்து காட்டினர்.

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்ற சொல்லை நம் குடும்பங்கள் பலவும் கேட்டிருக்கும். நோயைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். நோயாளியைப் பொறுத்தவரை அது ஒருபோதும் உண்மையன்று. வலியைத் தணிக்கலாம், புண்ணை ஆற்றலாம், உண்மையைக் கனிவோடு சொல்லலாம், இரவில் ஒருவர் விழித்திருந்து வீட்டாரை உறங்கவிடலாம். நோயாளரைச் சந்திப்பதை இரக்கச் செயல்களில் ஒன்றாகச் சிறுவயது முதல் கற்ற நாம், நம் தெருவில் யார் வீட்டில் விளக்கு அணையாமல் எரிகிறது என்று பார்ப்போமாக. அங்கே போய் அமரவும், "நாளையும் வருவோம்" என்று சொல்லவும் பட்டம் ஏதும் தேவையில்லை.