செவி மங்கிய தூது

தமிழ்த் தூது இலக்கியங்களில் தலைவி விடுக்கும் தூது, தலைவனிடம் மாலை வாங்கி மீளுமாறு வேண்டப்பெறும். 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேப் கனாவரலிலிருந்து புறப்பட்ட இரு தூதுகளுக்கோ மீட்சி என்பதே இல்லை. ஆகஸ்டு 20 அன்று வாயேஜர் இரண்டும், செப்டம்பர் 5 அன்று வாயேஜர் ஒன்றும் விண்ணேகின. வியாழனையும் சனியையும் கண்டு சொல்லுதலே அவற்றுக்கு இடப்பட்ட பணி. அப்பணி முடிந்து பல்லாண்டுகள் கடந்த பின்னும் அவற்றோடு பேச்சு அறாமல் காக்கப்பட்ட வரலாறு, சொல்லையே தொழிலாகக் கொண்டோர் ஊன்றி நோக்கத்தக்கது.

பூமியிலிருந்து நெடுநாள் கட்டளை வாராதொழியின், தன் ஏற்பி பழுதுற்றதெனக் கருதி மாற்று ஏற்பிக்குத் தானே மாறிக்கொள்ளுமாறு கலம் அமைக்கப்பட்டிருந்தது. 1978 ஏப்ரலில் வாயேஜர் இரண்டுக்கு உரிய காலத்தில் கட்டளை அனுப்பப்படாமல் விடுபட்டது. மண்ணிலிருந்தோர் மறந்த மௌனத்தைக் கலம் தன் செவிட்டுத்தன்மை எனக் கொண்டது. மாற்று ஏற்பிக்கு மாறியது. அதிலோ ஒரு மின்தேக்கி கெட்டிருந்தது. மீண்டும் முதல் ஏற்பிக்குத் திரும்பிய சிறிது நேரத்தில் அது முற்றாகச் செயலிழந்தது. எஞ்சியது குறையுடைய ஒற்றைச் செவி.

அக்குறையின் இயல்பு நுட்பமானது. ஊதிக்கொண்டு வரும் புகைவண்டியின் ஒலி நம்மைக் கடந்ததும் தாழ்வதுபோல, பூமியின் சுழற்சியாலும் கலத்தின் ஓட்டத்தாலும் வானொலி அலையின் அதிர்வெண் இடையறாது மாறும். நலமான ஏற்பி அம்மாற்றத்தைத் தொடர்ந்து பற்றிக்கொள்ளும். வாயேஜர் இரண்டின் ஏற்பி அவ்வாற்றலை இழந்தது. ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அகலமுள்ள குறுகிய இடைவெளிக்குள் வந்து விழும் ஒலியை மட்டுமே அது கேட்கும். கலத்தின் வெப்பநிலை ஒரு பாகையில் சிறு கூறு மாறினாலும் அவ்விடைவெளி இடம்பெயரும். எனவே பசடீனாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தார், கலத்தை அடையும்போது அலை சரியான சுருதியில் ஒலிக்கும்படி, அனுப்பும் சுருதியைக் கணத்துக்குக் கணம் மாற்றக் கற்றனர். கேட்பவரைத் திருத்த இயலாதபோது சொல்பவர் திருந்தினார். 1986இல் யுரேனசும் 1989இல் நெப்டியூனும் கண்டறியப்பட்டது இந்தச் செவியைக் கொண்டே என்பது பெருவியப்பு.

இவ்விடத்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கலங்கள் சுமந்து செல்லும் பொன்தகட்டில் 55 மொழிகளின் வாழ்த்துகள் பதியப்பட்டுள்ளன. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உள, தமிழ் இல்லை. தமிழன்பர்க்கு இது மனக்குறையே. ஆயினும் அத்தகடு கேட்பார் யாரென அறியாது விடுத்த சொல். பசடீனாவிலிருந்து செல்லும் கட்டளையோ, கேட்கும் செவியின் ஒவ்வொரு குறையும் அறிந்து சமைத்த சொல். இரண்டில் பின்னதே அரியது.

நெப்டியூனின் துணைக்கோளான டிரைட்டனை அணுகும் பொருட்டு வாயேஜர் இரண்டின் பாதை தெற்கே வளைக்கப்பட்டது. அதன்பின் அதற்குக் கட்டளையிட வல்லதாக எஞ்சியது ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள 70 மீட்டர் ஆன்டெனா ஒன்றே. 2020 மார்ச்சில் அது செப்பனிடுதற்காக நிறுத்தப்பட்டபோது, பதினொரு திங்கள் கலம் பேசியதை அருகிலிருந்த சிறிய ஆன்டெனாக்கள் கேட்டன. மறுமொழி கூறத்தான் வாயில்லை.

2023 ஜூலை 21 அன்று மற்றொரு பிழை நேர்ந்தது. அதுவும் மண்ணில் பிறந்ததே. தவறான கட்டளையால் கலத்தின் ஆன்டெனா பூமியை விட்டு 2 பாகை விலகித் திரும்பியது, தொடர்பு அறுந்தது. நாள்கள் சில கழித்து, பொருளற்ற வெறும் அலையொன்று நலிந்து கேட்டது. உயிருண்டு என அறிய அது போதும். கான்பெரா தன் முழு வலிமையோடு விண்ணை நோக்கிக் கூவியது. கூவல் சென்றடைய 18½ மணி நேரம். விடை மீளவும் அவ்வளவே. ஆகஸ்டு 4 அன்று விடை வந்தது.

வாயேஜர் ஒன்றின் துன்பம் வேறு வகையினது. அதற்குச் செவி இருந்தது, சொல் குழறியது. 2023 நவம்பர் 14 முதல் ஒன்றும் சுழியும் மாறிமாறி வரும் பிதற்றலையே அது அனுப்பிற்று. முதியவர் ஒருவர் நினைவு தடுமாறிப் பேசும்போது உடனிருப்போர் அடையும் கலக்கத்தை ஒத்தது அந்நிலை. 2024 மார்ச்சில் ஒரு கட்டளைக்கு வந்த வேறுபட்ட விடையைப் பகுத்துப் பார்த்தபோது, கணிப்பொறியொன்றின் முழு நினைவகமும் அதனுள் இருக்கக் கண்டனர். நினைவகத்தில் 3 விழுக்காடு சிதைந்திருந்தது. சிதைந்த பகுதியின் நிரல் முழுவதற்கும் ஓரிடத்தில் இடமில்லை. செல்லரித்த ஏட்டின் பாடலைத் துண்டு துண்டாகப் பிற ஏடுகளின் ஓரங்களில் பெயர்த்தெழுதி, எது எங்குளது எனக் குறிப்பும் இட்டாற்போல, நிரலைக் கூறாக்கி வெவ்வேறிடங்களில் பொருத்தினர். துணைநின்றவை பதிற்றாண்டுகள் பழைய கைக்குறிப்புகளும் ஆவணங்களும். ஏப்ரல் 18 அன்று அனுப்பிய கட்டளைக்கு 20 அன்று தெளிந்த மறுமொழி கிடைத்தது. ஐம்பதாண்டுகள் இத்திட்டத்தின் தலைமை அறிவியலராயிருந்து 2022இல் ஓய்வு பெற்ற எட்வர்டு ஸ்டோன், அவ்வாண்டு ஜூனில் மறைந்தார்.

புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து கலங்கள் பெறும் மின்னாற்றல் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 வாட் குறைகின்றது. ஆதலால் கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டியதாயிற்று. 47 ஆண்டுகள் உழைத்த துகள் ஆய்வுக் கருவியொன்றை நிறுத்தும் கட்டளை, 2025 மார்ச் 24 அன்று வாயேஜர் இரண்டுக்கு விடுக்கப்பட்டது. பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து சென்ற அச்சொல்லையும் அந்த ஒற்றைச் செவி கேட்டது.