ஒரு கட்டடம், மூணு மதம்

1/ லண்டன் பிரிக் லேன்ல ஒரு பள்ளிவாசல் இருக்கு. 1743-ல் அதைத் தேவாலயமா கட்டினவங்க, பிரான்ஸில் மதத்துக்காக விரட்டப்பட்ட ஹியூகனாட் புராட்டஸ்டன்ட்டுகள். பலர் பட்டு நெசவாளர்கள்.

2/ ரஷ்யக் கலவரங்களுக்குத் தப்பி வந்த யூதர்கள் அந்தத் தெருக்களைத் தையல் பட்டறைகளால நிரப்பினாங்க. 1898-ல் தேவாலயம் யூத ஜெப ஆலயமாச்சு. வசதி வந்ததும் பலர் வேற பகுதிக்குப் போயிட்டாங்க. 1976-ல் வங்கதேச முஸ்லிம்கள் அதையே பள்ளிவாசல் ஆக்கினாங்க.

3/ இதெல்லாம் சும்மா நடந்துடல. 1978 மே 4-ல் அல்தாப் அலிங்கிற தையல் தொழிலாளி இனவெறியால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் சவப்பெட்டியோட ஆயிரக்கணக்கானோர் பிரதமர் இல்லம் வரை நடந்தாங்க. உள்ளூர் வெள்ளையர்களும் கூட வந்தாங்க. இப்போ அங்க ஒரு பூங்காவுக்கு அவர் பேர்.

4/ யாரையாவது "வந்தேறி"ன்னு சொல்லத் தோணுச்சுன்னா அந்தக் கட்டடத்தை நினைச்சுக்கோங்க. அங்க தொழுதவங்கள்ல பலர் அந்தப் பேரைக் கேட்டவங்கதான்.